பெட்டிக்குள் இருக்கும் காசை எவ்வளவு நம்பலாம்?

கண்காட்சி மேசையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று சாதாரண உறைக்குள் கிடக்கிறது. அதே ஆண்டில், அதே நாணயச்சாலையில் அடித்த இன்னொரு ரூபாய் தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ‘எம்எஸ் 64’ என்ற சீட்டோடு அதன் பக்கத்தில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டியை ‘ஸ்லாப்’ என்பார்கள். விலை கேட்டால் இரண்டாவதற்குப் பல மடங்கு சொல்கிறார் வியாபாரி. அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்வதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. கையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒற்றை பல்பு போட்ட மேசை விளக்கு, இணையம் உள்ள கைபேசி.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் பின்னணி

விற்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத ஒரு நிறுவனம் காசைப் பரிசோதித்து, தரத்துக்கு ஓர் எண் கொடுத்து, பெட்டியில் அடைத்துத் தருவதுதான் தரச்சான்று. எண் 1 முதல் 70 வரை போகும். 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோலிலிருந்து வந்தது இது. 60-லிருந்து மேலே புழக்கத்துக்கே வராத காசு, அது எம்எஸ். 50 முதல் 58 வரை லேசாகப் புழங்கியது, ஏயூ. அதற்குக் கீழே எக்ஸ்எஃப், விஎஃப், எஃப் என்று இறங்கும். இன்று உலகச் சந்தையில் பெரிய பெயர்கள் இரண்டு. பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் அமெரிக்காவில் தொடங்கின.

இந்த எண் எடைக்கல் வைத்து நிறுத்துச் சொல்வது அல்ல. பயிற்சி பெற்ற சிலர் கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்து. 1990-இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் பிசிஜிஎஸ் மீது நடவடிக்கை எடுத்ததற்குக் காரணமே, தன் தரநிர்ணயம் மாறாதது, சார்பற்றது என்று அது மிகையாக விளம்பரம் செய்தது என்பதுதான். 2003-இல் ‘காயின் வேர்ல்டு’ இதழ் ஒரே காசுகளைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. எந்த ஒரு காசுக்கும் எல்லா நிறுவனங்களும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை.

அதனால் தரச்சான்றே வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதை எந்த இடத்தில், எந்த அளவுக்கு நம்புவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கேள்விகள், மூன்று அளவு நம்பிக்கை

ஸ்லாப் உங்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் நம்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

1. காசு அசலா? இந்த இடத்தில் பெரிய நிறுவனங்களை நன்றாக நம்பலாம். அவர்களிடம் ஒப்பிட லட்சக்கணக்கான காசுகளின் பதிவும் கருவிகளும் இருக்கின்றன. தவறினால் ஈடு தருவதாக உத்தரவாதமும் தருகிறார்கள்.

2. காசில் கோளாறு உண்டா? தேய்த்துக் கழுவியது, கீறியது, வளையம் பற்றவைத்து எடுத்தது போன்றவை. பெரும்பாலும் நம்பலாம், ஆனால் உங்கள் கண்ணும் பார்த்தாக வேண்டும். கோளாறு கண்டுபிடித்தால் எண்ணுக்குப் பதிலாக ‘டீடெய்ல்ஸ்’ என்று சீட்டில் போடுவார்கள்.

3. எண் சரியா? இங்கே நம்பிக்கையை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 63-க்கும் 64-க்கும் நடுவே இருப்பது ஒரு மனிதரின் அன்றைய பார்வை. பணம் அதிகம் போவதும் இதே இடத்தில்தான்.

இந்த மூன்றுக்கும் முன்னால் நான்காவதாக ஒன்று உண்டு: பெட்டி அசலா? அதிலிருந்து தொடங்குவோம்.

பெட்டியைச் சோதிக்கும் வரிசை

போலிக் காசை மட்டுமல்ல, போலிப் பெட்டியையும் செய்கிறார்கள். 2008 வாக்கிலிருந்தே பெரிய நிறுவனங்கள் இதைப் பற்றி எச்சரித்து வருகின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசின் அழகு கண்ணை மயக்குவதற்கு முன் பெட்டி வேலை முடிந்துவிட வேண்டும்.

1. சீட்டில் உள்ள சான்று எண்ணை உங்கள் கைபேசியில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நிறுவனத்தின் இணைய முகவரியையும் நீங்களே அடியுங்கள். விற்பவர் அனுப்பிய இணைப்பையோ, சீட்டில் உள்ள கியூஆர் குறியீட்டையோ முதல் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். குறியீட்டைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முடியும்.

2. திரையில் வரும் நாடு, ஆண்டு, மதிப்பு, நாணயச்சாலை, தர எண் எல்லாம் சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

3. ஒத்துப்போனால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். போலி செய்பவர் அசல் ஸ்லாப் ஒன்றின் எண்ணை இணையப் படத்திலிருந்து எடுத்து அப்படியே அச்சிடுவார். எண் சரியாக வரும், காசு வேறாக இருக்கும். ஆகவே தளத்தில் காசின் படம் இருந்தால் அதைப் பெரிதாக்கி, மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள்: அரசர் முகத்தில் ஒரு சிறு தடம், விளிம்பில் ஒரு நசுங்கல், நிறம் படிந்த ஒரு திட்டு. மூன்றும் கையில் உள்ள காசில் அதே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.

4. படம் இல்லாவிட்டால், அதே சான்று எண் முன்பு ஏதாவது ஏலத்தில் விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். ஏலப் பட்டியல் படங்கள் நல்ல சாட்சி.

5. பெட்டியை விளக்குக்கு எதிரே சாய்த்து ஓரங்களைச் சுற்றிலும் பாருங்கள். இரு பாதிகளையும் ஒலி அதிர்வால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அந்தக் கோடு ஒரே சீராக ஓடும். பசை வழிந்த தடம், வெள்ளையாகப் பூத்த நெம்பல் குறி, மூலையில் சிம்பு இருந்தால், அசல் பெட்டியையே பிளந்து வேறு காசை வைத்திருக்கலாம்.

6. சீட்டின் எழுத்துரு, ஹாலோகிராம், நிறம் ஆகியவற்றை அதே தலைமுறைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். நிறுவனங்கள் சீட்டு வடிவத்தைப் பலமுறை மாற்றியிருப்பதால் பழைய சீட்டு புதியது போல இல்லை என்பது மட்டும் குற்றமாகாது.

7. பிசிஜிஎஸ் நிறுவனத்தின் புதிய பெட்டிகள் பலவற்றில் என்எஃப்சி சில்லு இருக்கும். கைபேசியை அருகில் பிடித்தால் நிறுவனத்தின் பக்கம் திறக்கும். 2020-க்கு முந்தைய பெட்டிகளில் இது இருக்காது.

குறிப்பு: விலை உயர்ந்த ஸ்லாப் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்றாக, மிக மலிவான அசல் ஸ்லாப் ஒன்றை நம்பகமான ஏல நிறுவனத்திடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரலால் தொட்டு, விளக்கில் திருப்பிப் பழகிய அசல் ஒன்று வீட்டில் இருந்தால் போலி கைக்கு வந்ததும் உறுத்தும்.

காசைப் பார்க்கும் வரிசை

இப்போது சீட்டைக் கட்டைவிரலால் மறையுங்கள். எண் தெரிந்துவிட்டால் கண் அந்த எண்ணைத்தான் பார்க்கும்.

1. முதலில் லென்ஸ் இல்லாமல். மற்ற விளக்குகளை அணைத்து, ஒற்றை பல்பின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத வெள்ளிக் காசில் ஒளிக்கற்றை மையத்திலிருந்து விளிம்புக்குச் சுழன்று ஓடும். மேடான இடங்களில் மட்டும் அந்த ஓட்டம் அறுந்து சாம்பலாகத் தெரிந்தால் அது புழக்கத் தேய்மானம். காசு முழுவதும் பளபளத்தும் ஓட்டம் இல்லையென்றால் மெருகேற்றியிருக்கிறார்கள்.

2. மேடான இடங்கள் எவை என்று மனப்பாடம் செய்யுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மகுடம், காது, புருவம், மேலங்கியில் உள்ள யானை. விக்டோரியா ரூபாயில் கன்னமும் காதுக்கு மேலுள்ள கூந்தலும். அச்சு சரியாக விழாததாலும் இந்த இடங்கள் மழுங்கலாம். அப்போது மழுங்கிய இடத்தில் ஒளி ஓட்டம் இருக்கும். தேய்ந்த இடத்தில் இருக்காது.

3. இப்போது லென்ஸ். வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் கூட்டமாக ஓடினால் துடைத்துத் தேய்த்த காசு. நம் வீடுகளில் வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். பழைய ரூபாய்களும் அந்தக் கைக்குத் தப்பியதில்லை.

4. விளிம்பின் உச்சி, பன்னிரண்டு மணி இடம். இங்கே நிதானமாக நிற்க வேண்டும். காசு மாலைக்கும் பதக்கத்துக்கும் வளையம் பற்றவைத்த காசுகள் தமிழ்நாட்டில் ஏராளம். வளையத்தை எடுத்துவிட்டு அரம் போட்டுச் சமன் செய்து விற்கிறார்கள். அந்த இடத்தில் விளிம்பு மெலிந்திருக்கும், பக்கவாட்டுக் கோடுகள் அழிந்தோ மீண்டும் வெட்டப்பட்டோ இருக்கும், பற்றின் நிறம் லேசாக மஞ்சளாகத் தெரியும். பெட்டியின் உள்வளையம் இதை ஓரளவு மறைக்கும் என்பதால் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ‘டீடெய்ல்ஸ்’ என்று சீட்டில் வராமல் இந்தக் கோளாறு தப்பிப் போயிருந்தால் அந்தக் காசை நான் எந்த எண்ணுக்கும் வாங்கமாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். அடுத்து வாங்குபவர் அதைக் கண்டுபிடிப்பார்.

5. சீட்டில் எழுதியிருப்பது காசில் இருக்கிறதா? இந்தியக் காசுகளில் நாணயச்சாலை அடையாளம் மிகச் சிறியது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. சீட்டு ஒன்றைச் சொல்லி காசு வேறொன்றைச் சொல்வது நடக்கிறது. இப்படிப்பட்ட எழுத்துப் பிழைகளுக்கு நிறுவனங்களின் உத்தரவாதம் பொருந்தாது. அரிய வகை என்ற பெயரில் கூடுதல் விலை கொடுத்துவிட்டால் இழப்பு முழுவதும் உங்களுடையது. விக்டோரியாவின் 1862 ரூபாயில் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டை மாற்றாமலே பல ஆண்டுகள் அடித்ததால் வகைகளைப் புள்ளிகளை எண்ணித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

6. இப்போது கட்டைவிரலை எடுங்கள். நீங்கள் மனத்தில் போட்ட தரமும் சீட்டின் எண்ணும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில மாதங்களில் உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

குறிப்பு: 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரியது என்பதால் 1938 காசின் கடைசி இலக்கத்தை மாற்றிச் செய்யும் போலி உலவுகிறது. பெட்டி இல்லாத 1939 காசு வந்தால் இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பை லென்ஸில் பாருங்கள், பிறகு எடை போடுங்கள். அந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர். இலக்கம் மட்டும் மாறிய காசில் எடை சரியாகவே வரும் என்பதை மறக்க வேண்டாம். எடை வார்ப்புப் போலியை மட்டுமே பிடிக்கும். தரச்சான்றுக்கு முழு மதிப்பு கிடைப்பது இத்தகைய காசுகளில்தான். இதைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

எண்ணுக்கு விலை கொடுப்பது

பேரம் பேசுவதற்கு முன் மூன்று விலைகளைக் கேட்டோ தேடியோ எழுதிக்கொள்ளுங்கள்: சீட்டில் உள்ள எண்ணின் விலை, அதற்கு ஒரு படி கீழே, இரண்டு படி கீழே. ஏலங்களில் உண்மையில் விற்ற விலையாக அவை இருக்கட்டும். வியாபாரிகள் பட்டியலில் போடும் விலை வேறு.

ஒரு படி கீழே உள்ள விலையும் இதுவும் நெருக்கமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இடைவெளி மிகப் பெரிதாக இருந்து, அந்த ஒரு படி வேறுபாட்டை உங்கள் கண்ணால் காட்ட முடியவில்லையென்றால், கீழ்ப்படிக் காசையே வாங்குங்கள். ஏயூ 58 காசு ஒன்று எம்எஸ் 61-ஐ விட அழகாக இருப்பதும் உண்டு. ஏயூ காசு லேசாகத் தேய்ந்தும் பரப்பு சுத்தமாக இருக்கலாம். எம்எஸ் காசு புழங்காமலே மூட்டைக்குள் மற்ற காசுகளோடு மோதி வடுப்பட்டிருக்கலாம். எண் பெரிதாக இருப்பதற்காக வடுப்பட்டதை எடுக்காதீர்கள்.

‘இந்தத் தரத்தில் உலகிலேயே ஒன்றுதான் இருக்கிறது’ என்று விற்பார்கள். நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலைத்தான் அப்படிக் காட்டுவது. இதைக் கேட்டவுடன் இரண்டு விஷயங்களை நினைவில் கொண்டுவாருங்கள். ஒன்று, அந்தப் பட்டியல் நிறுவனத்துக்கு அனுப்பிய காசுகளை மட்டும் எண்ணுகிறது. அமெரிக்கக் காசுகள் கோடிக்கணக்கில் பெட்டிக்குள் போய்விட்டன. இந்தியக் காசுகளில் பெரும்பகுதி இன்னும் வீட்டு அலமாரிகளிலும் வங்கி லாக்கர்களிலும் கிடக்கிறது. பட்டியலில் ஒன்று என்பதால் காசே ஒன்றுதான் என்று ஆகாது. இன்னொன்று, கூடுதல் எண் கிடைக்கும் என்று பெட்டியை உடைத்துத் திரும்பத் திரும்ப அனுப்புபவர்கள் உண்டு. பழைய சீட்டைத் திருப்பித் தராவிட்டால் ஒரே காசு பட்டியலில் இரண்டு மூன்று முறை எண்ணப்படும்.

அமெரிக்கக் காசுகளுக்கு எண்ணை மறுபடி சரிபார்க்க இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய சிஏசி நிறுவனம், ஸ்லாப் செய்த காசை மீண்டும் பார்த்து, அந்த எண்ணுக்கு நன்றாகப் பொருந்துவதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறது. அந்த ஸ்டிக்கர் இந்தியக் காசுகளுக்கு இல்லை. இந்தியக் காசுக்கு அந்த இரண்டாவது கண் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பெயர் தெரியாத பெட்டிகள்

காலிப் பெட்டியும் அச்சிட்ட சீட்டும் யாரும் வாங்கலாம். சான்று எண்ணைச் சரிபார்க்கத் தளம் இல்லாத, எழுத்துமூல உத்தரவாதம் இல்லாத, விற்பவரே சான்றும் தரும் பெட்டியைச் சாதாரண உறையாக நினையுங்கள். காசுக்கு மட்டும் விலை சொல்லுங்கள்.

பாதுகாப்பு: ‘உங்கள் பழைய காசு லட்சக்கணக்கில் போகும், முதலில் சான்றிதழ்க் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பழைய காசு, நோட்டு விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும் சொன்னது. ஓடிபி எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

உங்கள் காசை அனுப்புவதற்கு முன்

1. முதலில் சட்டம். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டுகளைக் கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தரம் பார்த்துத் திரும்பி வரத்தானே அனுப்புகிறோம் என்ற சமாதானம் உங்களைக் காப்பாற்றாது. யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்த 1911 ரூபாய் இந்த எல்லைக்குள் வந்துவிட்டது. 1939 ரூபாய் இன்னும் வரவில்லை. ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வெளிநாடு போகும் நண்பரின் பெட்டியில் கொடுத்து அனுப்பாதீர்கள், மாட்டுவது அவர்.

2. அனுப்பத் தகுந்த காசா என்று கணக்குப் போடுங்கள். கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு, சுங்கம் எல்லாம் சேர்த்த தொகை, சான்றால் கூடும் மதிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான புழங்கிய ரூபாய்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

3. காசைக் கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, திருநீறு, சமையல் சோடா எதுவும் கூடாது. மென்மையான பிவிசி உறையிலிருந்து ஒட்டிய பச்சைப் பிசின் மட்டும் இருந்தால் தூய அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பும் பூஜை விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் செய்யுங்கள்.

4. இரு பக்கமும் விளிம்பும் தெளிவாகப் படமெடுத்து, எடையைக் குறித்து வையுங்கள். பிவிசி கலக்காத உறையில் போடுங்கள், ஸ்டேப்ளர் பின் வேண்டாம்.

5. காசை ஏற்கும் அஞ்சல் அல்லது கூரியர் சேவைதானா என்று முன்பே கேளுங்கள், பல சேவைகள் ஏற்பதில்லை. முகவர் மூலம் அனுப்பினால் ஒவ்வொரு காசுக்கும் படத்தோடு கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து காசு வெளியே வரும் வரை வெட்டாமல் காணொளி எடுங்கள். அன்றே மேலே சொன்ன பெட்டி வரிசையை மறுபடி செய்யுங்கள். விற்பவர் திருப்பி எடுக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்களே.

ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல. சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். செப்புக் காசுகளுக்கு இது கட்டாயம்.

சந்தேகம் எழுந்தால் இந்த வரிசையில் போங்கள்:

1. பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்த நொடியில் உத்தரவாதம் போய்விடும்.
2. சான்று எண், ஓரங்கள், காசின் இரு பக்கம் எல்லாம் தெரியும்படி படமெடுங்கள்.
3. விற்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசிப் பேச்சு மட்டும் போதாது.
4. பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே படங்களைத் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி, பெட்டி தங்களுடையதுதானா என்று கேளுங்கள். அவர்கள் எழுதும் பதிலையும் பில்லையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.